பஸ் நேரம் சொல்லும் குரல் செயலிக்கு விஸ்பர் போதுமா?

"பொகவந்தலாவைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் செயலிக்கு, பேச்சை எழுத்தாக்க ஓபன்ஏஐ 2022 செப்டெம்பரில் வெளியிட்ட விஸ்பர் மாதிரி நல்ல தெரிவு. வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்துபோகும் இலங்கை மலைப்பாதையில் அது கைபேசிக்குள்ளேயே ஓடும். யாரும் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம், கட்டணமும் இல்லை. ஆனால் அது எழுதித்தரும் ஊர்ப்பெயரை அப்படியே நம்பிச் செயலி செய்தால் பயணி வேறு பஸ்ஸில்தான் ஏறுவார்.

கைபேசியில் ஓட்ட, விஸ்பரின் இலகுவான வடிவமான விஸ்பர்.சிபிபி வசதியானது. அதன் மாதிரிக் கோப்புகளில் டைனி 75 மெகாபைட், பேஸ் 142, ஸ்மோல் 466. தமிழுக்கு முதல் இரண்டும் பற்றாது, ஸ்மோலிலிருந்து தொடங்குங்கள். பெயரில் '.இஎன்' ஒட்டியிருக்கும் கோப்புகள் ஆங்கிலத்துக்கு மட்டுமே. மொழி தமிழ் என்பதை நாமே குறித்துவிட வேண்டும். தானாகக் கண்டுபிடிக்க விட்டால், டவுன், ஸ்டான்ட் என்று கலந்து கேட்கும் சின்னக் கேள்வியை வேறு மொழியாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று விநாடி பேசினாலும் விஸ்பர் அதை 30 விநாடியாக நிரப்பியே ஆராயும். தாமதம் அங்கிருந்துதான் வருகிறது. 1500 ஆக இருக்கும் ஓடியோ கொன்டெக்ஸ்ட் அளவை (ஆராயும் ஒலியின் நீளத்தை) 512 ஆக்கினால் சுமார் 10 விநாடி அடங்கும், வேகமும் கூடும். மிகவும் குறைத்தால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். இன்னொரு குறை, யாரும் பேசாதபோதும் வாக்கியம் புனைவது. தகரக் கூரையில் மழை கொட்டும் பஸ் தரிப்பிடத்தில் இது பெரிய தொல்லை. பேச்சு எங்கே உள்ளது என்று கண்டறியும் சிலேரோ விஏடி கொண்டு பேச்சுள்ள பகுதியை மட்டும் வெட்டி அனுப்புங்கள்.

ஊர்ப்பெயர்களை விஸ்பருக்கு முன்குறிப்பாகக் கொடுத்தால் கேட்கும் திறன் கூடும். ஆனால் கடைசி 224 டோக்கன்களே (சொல்லை உடைத்த துண்டுகளே) கணக்கில் வரும், ஒரு தமிழ்ச் சொல்லே பல டோக்கன்களைத் தின்னும். ஆகவே முழுப் பட்டியலையும் திணிக்காமல், ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்கு அண்மையான பத்துத் தரிப்பிடங்களைக் கொடுங்கள்.

மிச்ச வேலையைத் தரிப்பிடப் பட்டியல்தான் செய்ய வேண்டும். ந-ன-ண, ல-ள-ழ, ர-ற ஆகியவற்றை ஒன்றாக்கி, சொல் முதலில் வரும் ஹகரத்தை அகரமாக்கி ஒப்பிட்டால் ஹட்டனும் அட்டனும் ஒன்றாகிவிடும். இரண்டு ஊர்கள் நெருங்கி வந்தால் "கொட்டகலையா, கொத்மலையா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். எழுத்து நெருக்கம் மட்டும் போதாது: சிங்களப் பேச்சில் 'நுவர' என்றால் கண்டி, ஒப்பீடு அதை நுவரெலியாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். தேயிலைத் தோட்டங்களுக்கோ ஆங்கிலப் பெயர் ஒன்று, சனங்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று. இரண்டையும் ஒரே தரிப்பிட எண்ணின் கீழ் கையால் சேர்ப்பதைத் தவிர வழியில்லை. இந்தப் பட்டியலுக்குச் செலவிடும் நாட்கள் வீண்போகாது.

நேர அட்டவணையை, போக்குவரத்துத் தரவுக்கான பொது வடிவமான ஜிடிஎஃப்எஸ் வடிவில் வையுங்கள். இடைத் தரிப்பிட நேரங்கள் உத்தேசமானால் அதன் டைம்பொயின்ட் புலத்தில் 0 என்று குறித்து, பதிலிலும் "அளவில்" என்று சொல்ல வையுங்கள். போயா (முழுநிலா விடுமுறை) தினத்தில் ஓடாத பஸ்ஸை, விதிவிலக்கு நாட்களுக்கான கலண்டர்_டேட்ஸ் கோப்பில் 2 என்று குறித்து நீக்க வேண்டும். நள்ளிரவு தாண்டும் பஸ்ஸுக்கு, அதிகாலை 1:10ஐ 25:10:00 என்று எழுதுவதே சரி. குரலுக்கு அனுப்பும்போது 06:45 என்று இலக்கத்தில் விடாமல் "காலை ஆறே முக்கால்" என்று எழுத்தில் கொடுங்கள்.