தோட்டத்துப் பெயர் தேடுவோருக்கு: 1:50,000 வரைபடத் தாள்

பழைய பிறப்புப் பதிவில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் தேயிலைத் தோட்டம் எங்கே என்று தேடுவோருக்குக் கைபேசி வரைபடம் பாதி வழிதான் வரும். மீதி வழிக்கு நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள் வேண்டும். இலங்கை முழுவதையும் 92 தாள்களில் அடக்கியிருக்கிறார்கள். ஒரு தாளில் 40 கிலோமீட்டருக்கு 25 கிலோமீட்டர் நிலம். 2 சென்டிமீட்டர் என்றால் 1 கிலோமீட்டர். மலையகத்துக்கு ஒரு தாள் போதாது. நுவரெலியாவில் தொடங்கி, தேவைப்படும் திசையில் அடுத்த தாளை வாங்குவது நல்லது.

இதன் பெரிய பலம், பெயரையும் அது பிறந்த தரையையும் ஒரே பார்வையில் காட்டுவது. சிங்களத்தில் 'ஓயா' ஆறு, 'கல' பாறை, 'தலாவ' புல்வெளி, 'பிட்டிய' திடல். நானுஓயா, டிக்கோயா என்று வாசிக்கும்போதே பக்கத்தில் நீலக்கோட்டைத் தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும். தியத்தலாவையில் 'திய' என்றால் தண்ணீர். புல்வெளியும் நீரும் சேர்ந்த பெயர். கைபேசியில் இவையெல்லாம் வெறும் புள்ளிகள்.

தாளில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. தடுமாற்றம் இங்கேதான் தொடங்கும், ஏனென்றால் நம் வாயில் பெயர்கள் வேறு உருவம் எடுத்தவை. முன்னால் வரும் 'ஹ' உதிரும்: ஹட்டன் அட்டனாகும், ஹபுதலே அப்புத்தளையாகும். 'ர'வில் தொடங்குவது முன்னால் ஓர் 'இ' வாங்கிக்கொள்ளும்: ரம்பொட இறம்பொடை, ராகல இராகலை. கடைசி உயிர் 'ஐ' ஆகும்: பதுல்ல பதுளை, தெல்தோட்ட தெல்தோட்டை. ஆகவே இராகலையை 'இ'யில் தேடினால் கிடைக்காது, 'ர'வில் தேட வேண்டும்.

சில பெயர்கள் உருவத்தோடு பொருளையும் மாற்றிக்கொண்டவை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடத்தை நாம் நூல்கந்துர என்கிறோம். நூலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிங்களத்தில் 'லூலா' விரால் மீன், 'கந்துர' ஓடை. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் (2,524 மீட்டர்) 'பிதுரு' வைக்கோல். வெள்ளைக்காரத் துரைமார் அதைப் பேட்ரோ ஆக்க, அடிவாரத்துத் தோட்டத்துக்கும் அதுவே பெயராக நின்றது. புனிதர் பேதுருவுக்கு இதில் பங்கில்லை.

ஸ்கொட்லாந்துப் பெயர்களில் தாள் மிகத் திடமானது. டன்சினன், ஹோலிரூட் போன்றவை துரைமார் ஊர் நினைப்பில் வைத்தவை. தரையைப் பார்த்து அவற்றின் பொருளைக் கண்டுபிடிக்க முடியாது. தாளில் எழுத்துக்கூட்டல் பழைய பதிவேடுகளோடு ஒத்துப்போவதால் தேடல் சுலபம். ஆனால் ஒரு பொறி உண்டு. தோட்டத்தின் பெயர் பெரிய எழுத்தில் பல கிலோமீட்டர் பரப்பின் மேல் நீட்டி எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்து இருக்கும் இடம் ஸ்டோரும் (தேயிலைத் தொழிற்சாலையும்) அல்ல, ஒபீசும் அல்ல. முதலில் தேயிலைத் தொழிற்சாலையின் குறியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பாதையைப் பின்தொடருங்கள். நேர்கோட்டில் 3 கிலோமீட்டர் என்று அளந்தாலும், உயரக்கோடுகள் நெருங்கிய சரிவில் வளைந்து வளைந்து போகும் பாதை அதைவிட எவ்வளவோ நீளம்.

இன்னொரு சிக்கல் காலத்தினுடையது. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்தன. கைமாறியபோது சின்னத் தோட்டம் பக்கத்துப் பெரிய தோட்டத்தின் ஒரு டிவிசனாகிவிட்டிருக்கலாம். பதிவேட்டில் உள்ள பெயர் பெரிய எழுத்தில் இல்லையென்றால் சிறிய எழுத்தில் தேடிப் பாருங்கள்.

நகரத் தெருக்களுக்கு இந்தத் தாள் சரிப்படாது. அதற்கு 1:10,000 வேண்டும். கண்டியில் தேசாதிபதி ஹென்றி வார்டின் பெயரில் இருந்த வார்ட் தெரு இன்று தலதா வீதி, விக்டோரியா டிரைவ் சங்கராஜ மாவத்தை. பழைய முகவரியோடு வருபவர் புதிய பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

தாளில் சுத்தமாக இல்லாதது லயத்துப் பெயர்கள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் வழங்கும் பெயர்கள். மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு, மடுவத்தடி, பீலிக்கரை, கோயிலடி என்று ஜனங்கள் சொல்லும் எதற்கும் இதில் இடமில்லை. பஸ்சை விட்டு இறங்கி டன்சினன் என்று கேட்டால் தோட்டம் வரைக்கும் போய்ச் சேரலாம். அதற்கு மேல் லயத்து ஆட்கள் சொல்லும் பெயரைக் கேட்டுத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். பென்சிலால் எழுதுங்கள், மலையில் தூறல் விழுந்தால் பேனா மை ஊறிவிடும்.