மல்லி வாசம் குப்பியில்: அப்சல்யூட்டா, அத்தரா, எள் எண்ணெயா?

மதுரை மல்லியின் மணத்தைப் பிடித்துவைக்க மூன்று வழி உண்டு: அப்சல்யூட் என்ற அடர்ந்த மணச்சாறு, அத்தர், பூ மணம் ஏற்றிய எள் எண்ணெய். மூன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. மணிக்கட்டில் தடவ அப்சல்யூட். கூந்தலுக்கு எள் எண்ணெய்தான் என்பேன்.

மல்லியை யூக்கலிப்டஸ் இலைபோல ஆவியில் வடித்தால் சூட்டில் மணம் பெரும்பாலும் கெடும். அதனால் சென்ட் ஃபேக்டரிகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து மணத்தை இறக்குகிறார்கள். முதலில் வருவது மெழுகு மாதிரி கான்கிரீட். ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கினால் அப்சல்யூட். காலையில் பறித்த மொட்டை உடனே கொட்டமாட்டார்கள். தரையில் பரப்பி, ராத்திரி விரியும்வரை காத்திருப்பார்கள். விரியும்போதுதான் மணமே பிறக்கிறது.

ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் பூ வேண்டும். அப்படியானால் 10 மில்லிக்கே பத்து கிலோ பூ. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பூ எவ்வளவு மலிந்தாலும், நூறு ரூபாய்க்கு 'சுத்தமான மல்லி ஆயில்' கொடுக்க முடியாது. அதை வாங்காதீர்கள்.

நல்ல அப்சல்யூட்டை அப்படியே மோந்தால் தலை கனக்கும். வாடும் பூவின் நெடி போல ஒன்று அடியில் நிற்கும். அது இண்டோல் என்ற வேதிப்பொருள், பூவிலேயே உள்ளது. 10 மில்லி தேங்காய் எண்ணெயில் இரண்டே சொட்டு விட்டுப் பாருங்கள், சித்திரை வீதிப் பூக்கடை முன்னால் நிற்பீர்கள்.

உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜ் ஊரின் அத்தரில் செப்புப் பானையில் பூவும் தண்ணீரும் கொதிக்க, ஆவி மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறங்கும். மணம் நாள் முழுக்க நிற்கும், ஆனால் சந்தனம்தான் முன்னால் வரும். இப்போது சந்தன விலைக்குப் பயந்து பாரபின் என்ற பெட்ரோலிய எண்ணெயில் இறக்குவதும் நடக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் எள். எங்கள் அப்பத்தா செய்தது இதுதான். தோல் நீக்கி உலர்த்திய எள்ளை வெள்ளைத் துணியில் பரப்பி, மேலே பூ, மறுபடி எள் என்று அடுக்குவார். விடிந்ததும் வாடிய பூவைச் சலித்தெடுத்துவிட்டு, அன்று சாயங்காலம் புதுப் பூ. ஐந்தாறு நாளில் எள்ளே மணக்கும். பிறகு செக்கு. பூவை நேராக நல்லெண்ணெயில் போடுகிறவர்கள் உண்டு. பூவின் ஈரம் இறங்கி எண்ணெய் காறிப்போகும். அப்பத்தாவின் செக்கு எண்ணெயில் மணம் மெல்லியதுதான். ஆனால் தலை குளித்து முடி உலர்ந்த பிறகும் தலையணையில் அது இருக்கும்.

கொஞ்சம் எள்ளைச் செக்கில் ஆட்டித் தரமாட்டார்கள். பங்குனியில் பூ மலியும்போது நாலைந்து வீட்டார் சேர்ந்து செய்யுங்கள்.