மாங்காய் சீசனும் 31 மாதக் கெடுவும்: புரொவிஷனலா, நேரடி கம்ப்ளீட்டா?

புதிதாக ஒரு மெஷின் வடிவமைத்தவர் பேட்டன்ட்டுக்குப் போகும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். புரொவிஷனல் (யோசனையை விவரிக்கும் தற்காலிக விண்ணப்பம்) போட்டு, யார் முதலில் என்பதைத் தீர்மானிக்கும் தேதியைப் பிடித்துக்கொண்டு 12 மாதத்துக்குள் கம்ப்ளீட் (முழு விவரணை) கொடுப்பதா, எடுத்த எடுப்பிலேயே கம்ப்ளீட் கொடுத்துவிடுவதா? கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு மெஷின் செய்துகொடுக்கும் நான், 2024 ஏப்ரலில் புரொவிஷனல் வழியில் போனேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அதற்குச் சற்று முன்புதான் விதிகள் மாறியிருந்தன. பழைய கணக்கை வைத்து இனி யாரும் முடிவெடுக்கக் கூடாது.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் 1,600 ரூபாய். புரொவிஷனலுக்கு அதைக் கட்டிவிட்டால், பிறகு கம்ப்ளீட் கொடுக்கும்போது திரும்பக் கட்ட வேண்டாம். 30 பக்கத்தையும் 10 கிளெய்மையும் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகங்கள்) தாண்டினால்தான் கூடுதல். பேட்டன்ட் ஏஜென்ட் இரண்டு முறை எழுத வேண்டும், அவருக்குக் கொடுப்பது கொஞ்சம் ஏறும். அவ்வளவுதான்.

விஷயம் கெடுவில் இருக்கிறது. மத்திய அரசு 2023 ஆகஸ்டில் பேட்டன்ட் விதிகளைத் திருத்தும் வரைவை வெளியிட்டு, 30 நாளுக்குள் ஆட்சேபனை கேட்டது. அதில் சிறு பட்டறைக்காரர்களை நேராகத் தொட்டது, பரிசோதனை மனு (விண்ணப்பத்தை ஆராயுங்கள் என்று பேட்டன்ட் அலுவலகத்தைக் கேட்கும் தனி மனு) கொடுக்கும் காலத்தை 48 மாதத்திலிருந்து 31 ஆகக் குறைத்ததுதான். 2024 மார்ச் 15 அன்று அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதற்கு முன் போட்ட விண்ணப்பங்களுக்குப் பழைய 48 மாதமே. கெடுவுக்குள் மனு போகாவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். இதில் கவனிக்க வேண்டியது, 31 மாதம் புரொவிஷனல் போட்ட நாளிலிருந்தே ஓடுகிறது. கம்ப்ளீட் கொடுக்க 12 மாதத்தையும் எடுத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது 19 மாதம். பேட்டன்ட்டின் 20 வருட ஆயுளும் அதே நாளிலிருந்துதான். நேரடி கம்ப்ளீட்தான் லாபம் என்பவர்கள் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

மனு கொடுக்கும் முன் மெஷின் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் இதை மாதத்தில் எண்ணினால் சரிவராது, சீசனில் எண்ண வேண்டும். மாங்கூழ் மெஷினை உண்மையாகச் சோதிக்க வருடத்தில் ஒரு வாய்ப்புதான். மே கடைசியிலிருந்து ஆடி வரை பெங்களூரா ரக மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும்போதுதான் எது உடைகிறது, எது அடைக்கிறது என்று தெரியும். 2024 ஏப்ரலில் புரொவிஷனல் போட்டால் 31 மாதம் 2026 நவம்பரில் முடிகிறது. இடையில் மூன்று சீசன். அதே ஆள் சீசனை ஓட்டிப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் நேரடி கம்ப்ளீட் போட்டால் கெடு 2027 மார்ச். விண்ணப்பத்துக்குப் பின் அவருக்குக் கிடைப்பது இரண்டே சீசன், அதற்கு முந்தைய சீசனில் மெஷின் எந்தத் தேதியின் காவலும் இல்லாமல் ஆலையில் ஓடியிருக்கும். பழைய 48 மாதத்தில் இந்த வித்தியாசம் யாரையும் உறுத்தியிருக்காது. இப்போது எந்த மாதத்தில் போடுகிறோம் என்பதே பாதி முடிவு.

இன்னொரு பாதி, புரொவிஷனலில் என்ன எழுதுகிறோம் என்பது. என் விண்ணப்பம் 18 மாதம் முடிந்து வெளியாகிவிட்டதால் உள்ளே இருப்பதைச் சொல்லத் தடையில்லை. பல்ப்பரில் (கூழைப் பிரிக்கும் மெஷின்) சுற்றும் துடுப்பு கொட்டையை உடைத்தால் கூழில் துவர்ப்பு ஏறும். கொட்டையில் படும் இடத்தில் துடுப்பு முனை வளைந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் யோசனை. பட்டறையில் ரப்பர் வைத்துச் செய்திருந்தோம். ஆனால் புரொவிஷனலில் ‘ரப்பர்’ என்று மட்டும் எழுதாமல், வளைந்து கொடுக்கும் பொருள், உதாரணமாக ரப்பர், சிலிக்கோன், நைலான் என்று எழுதினோம். சீசனில் ஆலைக்காரர் சிலிக்கோன்தான் வேண்டும் என்றார். மாற்றினோம், ஏப்ரல் தேதி அப்படியே நின்றது. துடுப்புக்கும் ஜல்லடைக்கும் இடையிலான இடைவெளியைக் காய்க்குத் தகுந்தபடி மாற்றும் ஸ்பிரிங், சீசன் நடுவில் தோன்றியது. அது புரொவிஷனலில் இல்லை. அதனால் அந்த கிளெய்முக்குக் கம்ப்ளீட் கொடுத்த தேதிதான். ஆகையால் அந்த ஸ்பிரிங்கைக் கம்ப்ளீட் போகும்வரை யாருக்கும் திறந்து காட்டவில்லை. புரொவிஷனலுக்குக் கிளெய்ம் வேண்டாம்தான், அதற்காக அரைப் பக்கம் கிறுக்கிக் கொடுத்தால் பிடித்த தேதி எதற்கும் உதவாது.

ஜூனில் மாங்கனிக் கண்காட்சி வரும்போது மெஷினை ஓட்டிக் காட்டலாமே என்று எல்லோருக்கும் ஆசை வரும். விண்ணப்பம் போடாமல் அதைச் செய்யாதீர்கள். சட்டத்தின் 31ஆம் பிரிவு கண்காட்சிக்கு 12 மாதச் சலுகை தருகிறது, ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும். இப்போது அந்தச் சலுகையைக் கேட்க 31ஆம் எண் படிவம் ஒன்றும் வந்திருக்கிறது. படிவம் வந்ததால் சலுகை எல்லாக் கண்காட்சிக்கும் விரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நேரடி கம்ப்ளீட் யாருக்கு? ஓசூர் பக்கம் ஜிக், ஃபிக்சர் (வேலை செய்யும் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் கருவிகள்) செய்பவர்களுக்கு. அவர்களுக்கு சீசன் கிடையாது. பொருள் முடிந்துவிட்டது, போட்டிக்காரர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்றால் காத்திருப்பதில் பயனில்லை. பேட்டன்ட் கிடைத்த பிறகுதான் வழக்கே போட முடியும். 2,500 ரூபாய் கட்டினால் 18 மாதம் காத்திருக்காமல் வெளியிடுவார்கள். சிறு நிறுவனமாகவோ ஸ்டார்ட்அப்பாகவோ இருந்தால் 8,000 ரூபாயில் துரிதப் பரிசோதனையும் கேட்கலாம், சாதாரண மனுவுக்கு 4,000. விண்ணப்பிக்கும் தனிநபர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தாலும் துரிதப் பரிசோதனை கேட்கலாம். கணவன் மனைவியாகப் பட்டறை நடத்துபவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

பேட்டன்ட் கிடைத்த பின் இரண்டு வழிக்கும் ஒரே பாடுதான். அந்தப் பக்கம் புதிய விதி நல்லதே செய்திருக்கிறது. பேட்டன்ட் பயன்பாட்டில் இருக்கிறதா என்று தெரிவிக்க வருடா வருடம் கொடுத்த 27ஆம் படிவம் இனி மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை போதும். புதுப்பிப்புக் கட்டணத்தைக் குறைந்தது நான்கு வருடத்துக்குச் சேர்த்து ஆன்லைனில் முன்கூட்டிக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. நான் பரிசோதனை மனு கொடுத்துவிட்டு பேட்டன்ட் அலுவலகத்தின் அறிக்கைக்குக் காத்திருப்பவன். அந்த அறிக்கையில் வரும் ஆட்சேபனைக்குப் பதில் எழுதும் கட்டத்தில் எந்த வழி சுலபம் என்பதை, அதைக் கடந்து வந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தர்மபுரி, பென்னாகரம் பக்கம் புளியங்கொட்டை எடுக்கும் மெஷின் செய்பவர்களுக்கும் இதே கணக்குதான். மாசி, பங்குனியில் புளி வருகிறது. மார்கழிக்குள் புரொவிஷனல் போய்விட வேண்டும். வரைபடத்தையும் சேர்த்து, இன்னும் செய்து பார்க்காத மாற்று வடிவங்களையும் எழுதிக் கொடுங்கள்.