‘ம்’ கேட்கும் காது: பிள்ளையைத் தூங்கவைக்க வாய்க்கதையா, படப் புத்தகமா, ஒலிக்கதையா, வீடியோவா?

எங்கள் மகளுக்கு நாலு வயது. இரவு எட்டரைக்குள் கண்ணை மூடிவிட்டால்தான் காலை ஆறரைக்கு எழுப்பும்போது அழாமல் எழுந்திருப்பாள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பகல் தூக்கமும் அதில் சேர்த்தி. பள்ளியில் பகல் தூக்கம் கிடையாது என்பதால் எட்டரைதான் எங்களுக்குக் கெடு. ஆனால் பெரியவர்களின் சாப்பாடு ஒன்பது மணிக்கு. பக்கத்து அறையில் சீரியல் ஓடும். அவள் கட்டிலில் குதித்துக்கொண்டிருப்பாள். கதை இல்லாமல் இந்த வண்டி நிற்காது என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. எந்தக் கதை, யார் சொல்ல, எதன் வழியாக என்பதில்தான் ஒன்றரை வருடம் போனது.

நான்கு வழிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டோம். சமமாக எடைபோட்டு ஆளுக்கொரு பரிசு கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தூங்கவைக்கும் வேலைக்கு இவற்றில் ஒன்று மற்ற மூன்றையும் விடத் தெளிவாக மேல் என்றே நினைக்கிறேன்.

வீடியோவை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் அலுவலகத்திலிருந்து தாமதமாக வரத் தொடங்கிய மாதங்களில், ‘தூங்கும் நேரக் கதைகள்’ என்று தேடி, நிலாவும் ஆட்டுக்குட்டியும் வரும் கார்ட்டூன்களைப் போட்டுக் கொடுத்தோம். அவள் அசையாமல் படுத்துக் கிடந்தாள். ஆகா, அடங்கிவிட்டாள் என்று நானும் ஏமாந்தேன். அசையாமல் இருப்பது வேறு, அடங்குவது வேறு. ஒரு கதை முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது. போனை வாங்கியதும் எழுந்து உட்கார்ந்து அழுதாள். அழுது முடிந்து தூங்கியபோது பத்தேகால்.

வெளிச்சமும் ஒரு காரணம். இருட்டியதும் உடலில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்துதான் தூக்கத்துக்கு வழிவிடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பள்ளி செல்லும் முன்னான வயதிலுள்ள 10 குழந்தைகளைத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாடவைத்தார்கள். மெலடோனின் ஏறத்தாழ 88 சதவீதம் குறைந்தது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் ஆன பிறகும் பலருக்கு அது மீளவில்லை. 2018-இல் வெளிவந்த ஆய்வு இது. அதில் பயன்படுத்திய விளக்கு கைபேசித் திரையை விட மிகப் பிரகாசமானது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த எண்ணை அப்படியே போனுக்குப் பொருத்தக் கூடாது. இருந்தாலும் சின்னப் பிள்ளைகளின் கண்மணி பெரியது, விழிவில்லை தெளிவானது, அதனால் வெளிச்சம் நம்மை விட அவர்களுக்குள் அதிகம் இறங்கும். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் திரையை வைத்துக்கொண்டு தூக்கத்தை எதிர்பார்ப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். தூங்கும் நேரத்துக்கு வீடியோ வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

அடுத்து ஒலிக்கதை. திரை இல்லை, விளக்கை அணைத்துவிடலாம், களைத்துப் போன பெற்றோருக்கு ஓய்வு. கேட்க நல்ல தீர்வாகத்தான் இருக்கிறது. நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. சென்னையிலிருந்து கராடி டேல்ஸ் 1996 முதலே பிள்ளைகளுக்கான ஒலிப்புத்தகங்களைக் கொண்டுவந்தது. நாங்கள் இதில் மூன்று மாதம் இருந்தோம்.

இரண்டு சிக்கல் வந்தன. ஒன்று, கதை சொல்கிறவர்கள் நடிக்கிறார்கள். புலி உறுமும், இடி இடிக்கும், நடுவில் பின்னணி இசை ஏறும். பகலில் அது விருந்து. இரவில், கண் செருகிக்கொண்டு வரும் நேரத்தில், ஒரு இடிச்சத்தம் போதும், அரை மணி நேர உழைப்பு போய்விடும். இன்னொன்று, புரியாத இடத்தில் பிள்ளைக்கு யாரும் இல்லை. சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் நாலு வயதை ஒட்டிய 27 குழந்தைகளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துக் கதை கேட்கச் செய்தார்கள்: ஒலியாக மட்டும், படங்களோடு, அசையும் கார்ட்டூனாக என மூன்று விதம். ஒலி மட்டும் கேட்டபோது கதையைப் புரிந்துகொள்ளவே மூளை சிரமப்பட்டது. கார்ட்டூனில் எல்லாமே கண்முன் வந்துவிட்டதால் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்தது குறைவு. படங்களோடு கேட்டதே இரண்டுக்கும் நடுவே சரியாக அமைந்தது. அது தூக்கத்தைப் பற்றிய ஆய்வு இல்லை, புரிதலைப் பற்றியது. ஆனால் ‘கொப்பரைன்னா என்னம்மா?’ என்று என் மகள் இருட்டில் ஸ்பீக்கரிடம் கேட்டுவிட்டு, அது பதில் சொல்லாமல் கதையை ஓட்டிக்கொண்டே போனதும் என்னை எழுப்பிய இரவில், அந்த ஆய்வு சொன்னது எனக்கு வேறு விதமாக விளங்கியது.

ஒலிக்கதை அடியோடு ஆகாது என்று சொல்ல மாட்டேன். என் தங்கை கணவர் துபாயில் இருக்கிறார். அங்கே நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே பையனுக்கு எட்டரை என்றால் அவருக்கு ஏழு. வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் நேரம். தினமும் வீடியோ கால் போட்டார்கள். அப்பா முகத்தைப் பார்த்ததும் பையன் துள்ளிக் குதித்துத் தூக்கத்தைத் தொலைத்தான். பிறகு வீடியோ கால் ஆறரைக்கு மாறியது. அவர் மதிய இடைவேளையில் ஐந்து நிமிடக் கதை ஒன்றைத் தன் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். இரவில் போனைக் கவிழ்த்துவைத்து அதை மட்டும் ஓட்டுகிறார்கள். இடி இல்லை, இசை இல்லை, ‘என்னடா தங்கம், படுத்துட்டியா?’ என்று தொடங்கும் அப்பா குரல் மட்டும். ஊர்ப்பட்ட ஒலிக்கதைகளை விட அந்த ஐந்து நிமிடம் நன்றாக வேலை செய்கிறது. ஒலிதான் வேண்டும் என்கிற வீட்டுக்கு என் யோசனை இதுவே: வீட்டு ஆளின் குரல், ஒரே ஒரு கதை, முடிந்ததும் தானாக நிற்க வேண்டும்.

படப் புத்தகம் எனக்கு உயிர். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கமாக அச்சிட்ட படப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம், அச்செடுத்துக்கொள்ளலாம். பணம் இல்லை என்பதால் பிள்ளைக்குப் புத்தகம் இல்லை என்ற நிலை இன்று ஓரளவு மாறியிருக்கிறது. பிள்ளைக்குப் பேச்சும் எழுத்தும் வளர இதற்கு ஈடில்லை.

ஆனால் தூங்கவைப்பதில் வாய்க்கதைக்கு அடுத்த இடம்தான் கொடுப்பேன். காரணம் நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. புத்தகத்தில் யானை ‘சென்றது’, குரங்கு ‘கூறியது’, முயல் ‘வினவியது’. நம் வீட்டில் எந்தக் குரங்கும் கூறாது, சொல்லும். நாலு வயதுப் பிள்ளை எழுத்துத் தமிழைக் கேட்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. படிக்கிற நாமும் ஒவ்வொரு வரியையும் பேச்சுக்கு மாற்றிக்கொண்டே போகிறோம். அதில் குரல் தடுக்குகிறது. இந்த இரண்டு தமிழும் பிள்ளைக்குப் பழக வேண்டியவைதான், எழுத்துத் தமிழைக் காதால் கேட்ட பிள்ளை பின்னால் படிக்கத் திணறாது. அதற்கான நேரம் கண் சொக்கும் நேரம் இல்லை.

புத்தகத்துக்கு விளக்கு வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், பக்கம் புரட்டப் பிள்ளை எழுந்து உட்கார வேண்டும். படத்தின் மூலையில் இருக்கும் எறும்பைக் கண்டுபிடித்துவிட்டால் அதைப் பற்றிப் பத்து கேள்வி. அந்தக் கேள்விகளைத் தடுக்க எனக்கு மனம் வராது. அதனால் புத்தகத்தை ஏழே முக்காலுக்கு நகர்த்திவிட்டோம். சாப்பாடு, பல் தேய்ப்பது, கூடத்தில் மடியில் வைத்து ஒரு புத்தகம், பிறகு பாத்ரூம், படுக்கை. இந்த வரிசை தினமும் மாறாமல் இருப்பதே பாதி தூக்கம். கைக்குழந்தைகளும் தவழ்ந்து நடக்கும் பிள்ளைகளுமாக நானூறு பேருக்கு மேல் வைத்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், குளியல், உடம்பு நீவிவிடுதல், அமைதியான பாட்டு அல்லது அணைப்பு என்று தினமும் ஒரே வரிசையில் செய்த வீடுகளில் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் விழிப்பதும் குறைந்தது. நம் பாட்டிமார் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் தூளியில் போட்டதும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

தூளி என்றதும் ஒன்று. ஒன்றரை வயதுக்குக் கீழே கதையைத் தேடி அலைய வேண்டாம். தாலாட்டு போதும். ‘தால்’ என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் அந்தப் பெயர் என்பார்கள். சொல் புரியாத வயதுக்கு அந்த ஆட்டம்தான் கதை.

இனி வாய்க்கதை. திருநெல்வேலியிலிருந்து என் மாமியார் இரண்டு மாதம் வந்து தங்கினார். மகளுக்கு ஆச்சி. முதல் இரவே விளக்கை அணைக்கச் சொன்னார். ஜீரோ வாட்ஸ் பல்பு கூட வேண்டாம் என்றார். ‘ஆச்சி கதை சொல்லுதேன். நீ ம் கொட்டணும். ம் கொட்டலன்னா கதை நின்னுரும், என்னா?’

வாய்க்கதையின் பலம் முழுவதும் அந்த ‘ம்’மில் இருக்கிறது. முதல் பத்து ‘ம்’ உரக்க வரும். பிறகு சின்னதாகும். ஒரு வாக்கியம் தவறி வரும். ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டே குரலை இறக்கினார், வாக்கியங்களைச் சுருக்கினார், நடுவில் மூச்சு விட்டார். ‘ம்’ திடீரென்று உரத்தால், அங்கே பிள்ளை விழித்துவிட்டது என்று அறிந்து, கதையை ஆற்றங்கரைப் பக்கம் திருப்பி நாலு மரத்தை வர்ணித்தார். புத்தகம், ஸ்பீக்கர், வீடியோ மூன்றும் பிள்ளைக்குச் சொல்கின்றன. வாய்க்கதை பிள்ளையைக் கேட்கவும் செய்கிறது. தூங்கவைக்கும் வேலையில் மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் பெரிதாக மதிக்கிறேன்.

கதையைத் தேர்ந்தெடுத்ததிலும் ஆச்சியிடம் கணக்கு இருந்தது. சிங்கத்தைக் கிணற்றில் தள்ளும் முயல் பகலுக்கு. இரவுக்கு, தன் பெயரை மறந்துபோன ஈ. வீடு மெழுகும்போது ஈக்குப் பேர் மறந்துபோகிறது. கன்றுக்குட்டியிடம் கேட்கிறது. தெரியாது என்கிறது கன்று. கன்றின் தாயிடம், தாயை மேய்க்கிற ஆயனிடம், ஆயன் கைக் கோலிடம், கோல் வளர்ந்த மரத்திடம், மரத்தில் இருக்கும் கொக்கிடம், கொக்கு குளிக்கும் குளத்திடம், குளத்து மீனிடம் என்று போகிறது. ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து மொத்தச் சங்கிலியையும் திரும்பச் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் அடிப்பதில்லை, துரத்துவதில்லை. அடுத்து என்ன என்ற பதற்றம் கிடையாது. ஒரே சொற்கள், ஒரே ராகம், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நீளும். தூளி ஆடுகிற மாதிரி. களஞ்சியத்திலிருந்து குருவி ஒரு நெல்லைக் கொத்திக்கொண்டு போனது, இன்னொரு குருவி வந்து இன்னொரு நெல்லைக் கொத்திக்கொண்டு போனது என்று முடிவே இல்லாமல் போகும் கதையும் இந்த வகைதான். பகலில் சொன்னால் பிள்ளைகள் கத்துவார்கள். இருட்டில் முப்பதாவது நெல்லைத் தாண்டி நான் போனதில்லை.

ஒரே கதையையே தினமும் கேட்கிறாளே, வளர்ச்சி என்ன ஆகும் என்று என் கணவர் கவலைப்பட்டார். மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டி, உடனே தூங்கவும் விட்டால் புதுச் சொற்கள் நன்றாகப் பதிகின்றன, ஒரு வாரம் கழித்தும் நிற்கின்றன என்று இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2014-இல் கண்டிருக்கிறார்கள். ‘ஆயன்’, ‘கோல்’ என்ற சொற்கள் என் மகளுக்கு அந்த இருட்டில் வந்து சேர்ந்தவைதான்.

வாய்க்கதைக்கும் குறை உண்டு. களைப்பான நாளில் பிள்ளைக்கு முன் நாம் தூங்கிவிடுவோம். பொறுமை தீர்ந்தால் பூச்சாண்டி வாயில் வந்துவிடுவான். பயந்து மூடிய கண் நடு இரவில் திறக்கும் என்பதால் அவனை நாங்கள் வீட்டுக்குள் விடுவதே இல்லை. ‘எனக்குக் கதையே வராது’ என்பது அப்பாக்களின் புகார். என் கணவருக்கும் வராது. அவர் மகளின் அன்றைய நாளையே சொல்கிறார். ‘காலையில ஒரு பாப்பா எழுந்திரிச்சாளாம். இட்லி வேணாம்னாளாம். அப்புறம் ரெண்டு சாப்பிட்டாளாம்.’ வேன், பள்ளி, மதியச் சாப்பாடு, மொட்டை மாடி என்று நகர்ந்து, கதைப் பாப்பா படுக்கைக்கு வந்து சேர்வதற்குள் நிஜப் பாப்பா தூங்கிவிடுகிறாள். நானே எழுந்து நிற்க முடியாத நாளில் மட்டும் ஆச்சி ஊரிலிருந்து அனுப்பிய குரல் பதிவு.

இதில் ஒரு சங்கடம் நேர்ந்தது. இரண்டு மாதமாக ஈக் கதையைக் கேட்டும் மகளுக்கு ஈயின் பெயர் தெரியவில்லை. மீனைத் தாண்டி அவள் ‘ம்’ போனதே இல்லை. ஆச்சி ஊருக்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை மதியம், பையைக் கட்டிக்கொண்டிருந்தவரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ‘ஆச்சி, அதுக்குப் பேரு என்னன்னு சொல்லிட்டுப் போங்க’ என்று நின்றாள். ஆச்சி பையை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னார். வலையன், சட்டி, குயவன், மண், மண்ணில் முளைத்த புல், புல்லைத் தின்ற குதிரை. குதிரை தலையைத் தூக்கிக் கனைத்தது: ‘ஈஈஈஈ!’

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆச்சியை ரயிலேற்றிவிட்டு வந்து அன்று இரவு விளக்கை அணைத்ததும், ‘அம்மா, ஈ பேரை மறந்துட்ட கதை சொல்லு’ என்றாள். குளக்கரை வரைக்கும் ‘ம்’ வந்தது.