இறகுக் கிரீடமும் சிவப்புக் கோட்டும்: குமரி மாவட்டக் கடைகளில் பழங்குடிப் பொம்மைகள்

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் தேர் என்று எந்த விழாவாக இருந்தாலும், தார்ப்பாய் விரித்த பொம்மைக் கடையில் ஒரு பாலிதீன் பை தொங்கும். உள்ளே பாதிப் பேர் தொப்பிக்காரர்கள், பாதிப் பேர் இறகு சூடியவர்கள். அட்டையில் ‘கௌபாய்ஸ் அண்ட் இண்டியன்ஸ்’ என்று போட்டிருக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை, “இண்டியன்ஸ்னா நாமதானே, நமக்கு எதுக்கு இறகு?” என்று கேட்டால் அதட்ட வேண்டாம். 1492-இல் இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கி, அங்கே இருந்தவர்களுக்குத் தப்பாக வைத்த பெயர் அது. ஐந்நூறு வருடம் கழித்து அந்தத் தப்பு கோட்டாறு வரை வந்து கயிற்றில் தொங்குகிறது.

இந்தப் பை, ரப்பர் மூடி அம்பு, மாறுவேடக் கடையின் ‘ஆதிவாசி செட்’, கொலுவின் குறவன் குறத்தி, பலகை விளையாட்டுகள், சிவப்புக் கோட்டு சிப்பாய் பை ஆகியவற்றை இங்கே பார்க்கலாம். எந்தப் பொம்மையைக் கையில் எடுத்தாலும் கேட்க வேண்டியவை மூன்று. இது எந்த மக்கள்? எந்தக் காலம்? சண்டை போடுவதைத் தவிர இவர்களுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்களா?

முதலில் அந்தப் பை. உருவங்கள் ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர் உயரம். இருபது முப்பது பேர் இருந்தாலும் அச்சு ஐந்தாறுதான். இறகுக்காரர் எல்லோருமே குனிந்து பதுங்குகிறார், கோடரி ஓங்குகிறார், அல்லது குதிரைமேல் ஈட்டி பிடிக்கிறார். பெண் இல்லை, பிள்ளை இல்லை, சமைப்பவர் இல்லை. கூடவே ஒரு கூம்புக் கூடாரமும், பறவை முகம் செதுக்கிய ஒரு கம்பமும் இருக்கும். பிழை இங்கேதான் குவிந்து கிடக்கிறது. கூம்புக் கூடாரமும் நீண்ட இறகுக் கிரீடமும் லக்கோட்டா, செயென் போன்ற சமவெளி மக்களுடையவை. கம்பமோ பசிபிக் கரையில் ஹைடா, டிலிங்கிட் மக்கள் தேவதாரு வகை மரத்தில் செதுக்குவது. இரண்டுக்கும் நடுவே ராக்கி மலைத்தொடரே நிற்கிறது. தஞ்சாவூர்க் கோபுரத்தின் பக்கத்தில் ராஜஸ்தான் ஒட்டகத்தை நிறுத்தி ‘தமிழர் வீடு’ என்று எழுதினால் எப்படியோ அப்படி.

இறகுக் கிரீடம் எல்லோரும் வைத்துக்கொள்ளும் தொப்பியும் அல்ல. கழுகின் ஒவ்வொரு இறகும் ஒரு செயலுக்காகக் கிடைத்த மதிப்பு. பையில் வரும் பத்துப் பேரும் அதைச் சூடியிருந்தால் பத்துப் பேரும் தலைவர்கள் என்று அர்த்தம். குதிரையிலும் ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்காவுக்குக் குதிரையைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். ஆக அந்தக் குதிரை வீரன் ஐரோப்பியர் வந்த பிறகுள்ள ஆள். ‘ஆதிகால மனிதன்’ என்று விற்பது கால வரிசையிலேயே நிற்காது. அந்த மக்களோடு பெரும்போர் நடத்தியது மாடு மேய்த்த கௌபாய்களும் அல்ல, அமெரிக்க அரசின் ராணுவம். 1890 டிசம்பர் 29-இல் வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டாக்களைப் பெண்கள், குழந்தைகளோடு சுட்டுக் கொன்றது அந்த ராணுவம்தான். ராணுவத்தை மறைத்துவிட்டு மாட்டுக்காரனை நிறுத்தினால், அரசின் பொறுப்பு தெருச்சண்டையாகச் சுருங்கிவிடுகிறது.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. ஜெர்மனியின் பிளேமொபில் 1974-இல் சந்தைக்கு வந்தபோது முதல் மூன்று வகை மாவீரர்கள், கட்டடத் தொழிலாளர்கள், ‘இந்தியர்கள்’. முதல் இரண்டும் தொழில், மூன்றாவது மட்டும் ஓர் இனம். இதே வேலையைக் கவனமாகச் செய்ததற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்கன் கேர்ள் நிறுவனம் 2002-இல் கொண்டுவந்த காயா என்ற பொம்மை நெஸ் பெர்ஸ் இனச் சிறுமி. காலம் 1764 என்று முடிவு செய்து, அந்த மக்களின் ஆலோசனைக் குழுவை வைத்துத்தான் உருவாக்கினார்கள். அந்த நிறுவனத்தின் மற்றப் பொம்மைகள் பல் தெரியச் சிரிக்கும், காயாவின் வாய் மூடியிருக்கும். பல்லைக் காட்டுவது அவர்கள் வழக்கத்தில் மரியாதையான செயல் அல்ல என்பதால் அச்சையே மாற்றினார்கள். விலை நம் திருவிழாக் கடைக்கு எட்டாது. ஆனாலும் இனம், காலம், ஆலோசனை மூன்றையும் ஒரு பொம்மைக்குக் கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

அடுத்தது வில் அம்பு செட். இதன் அட்டையிலும் அதே இறகு முகம்தான், அதைப் பற்றித் திரும்பச் சொல்வதற்கில்லை. பாதுகாப்பைப் பார்ப்போம். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையின் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யாருடையது என்று தெரியும். பதிவு பெற்ற கைவினைஞர் செய்த பொம்மைக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும் இதில் விலக்கு உண்டு, ஆகவே முத்திரை இல்லாத மரப்பொம்மை எல்லாம் கள்ளச்சரக்கு ஆகிவிடாது. பிளாஸ்டிக் வில்லுக்கு அந்த விலக்கு கிடையாது. அம்பு முனையில் இருக்கும் ரப்பர் மூடியைக் கடையிலேயே பிடித்து இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், உள்ளே இருப்பது மொட்டைக் குச்சி, நேரே கண்ணுக்குத்தான் போகும். கழன்ற மூடி சின்னத் தம்பி தங்கையின் வாய்க்குப் போகும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான பொம்மைகளில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கும் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. பையில் வரும் கோடரி, துப்பாக்கி, குதிரைச் சேணம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

இனி மாறுவேடக் கடை. பள்ளி ஆண்டு விழாக் காலத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் வாடகைக்குக் கிடைக்கும் ‘ஆதிவாசி செட்’தான் இந்தப் பட்டியலில் மிக மோசம். பச்சை பிளாஸ்டிக் இலைப் பாவாடை, எலும்பு மாலை, இறகுப் பட்டை, பிவிசி குழாயில் செய்த ஈட்டி, கரிப்பூச்சு. பாவாடை பசிபிக் தீவு நடனத்தைப் பார்த்துச் செய்தது, இறகு வட அமெரிக்கா, கேடயம் சேர்த்துக் கொடுத்தால் அது ஆப்பிரிக்கா. மூன்று கண்டத்தை ஒரு பிள்ளையின் இடுப்பிலும் தலையிலும் கட்டி, மேடையில் ‘ஊலல்லா’ என்று கத்த விடுகிறார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களில் பேச்சிப்பாறை, கோதையாறு மலையிலிருந்து வந்து படிக்கும் காணிக்காரர் என்ற பழங்குடி வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

பொருளாகப் பார்த்தாலும் தரமில்லை. பாவாடையின் எலாஸ்டிக் பல வாடகைக்குப் போய்வந்து தளர்ந்திருக்கும், உள்ளே அரைக்கால் சட்டை கட்டாயம். குழாயை அறுத்த முனையைத் தேய்க்காமலே கொடுப்பார்கள், 120 எண் உப்புத்தாளால் நீங்களே தேய்த்து மூடி போட வேண்டும். கரிப்பூச்சு வியர்வையோடு கண்ணில் இறங்கி எரியும். அதைத் துடைக்கச் சோப்பைவிடத் தேங்காயெண்ணெய் நல்லது. ஆனால் அதைப் பூசவே வேண்டாம் என்பதுதான் எங்கள் முடிவு. தோல் நிறத்தை வேடமாக்கினால் அந்த நிறத்தோடு பிறந்த பிள்ளை என்ன நினைக்கும்?

வில்லோடு மேடையேறியே ஆக வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் பெயருள்ள ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். வயநாட்டின் தலக்கல் சந்து, குறிச்சியர் பழங்குடி வில்லாளிகளின் தலைவர். ஆங்கிலேயரை எதிர்த்த பழசி ராஜாவின் பக்கம் நின்று 1802-இல் பனமரம் கோட்டையைத் தாக்கியவர், 1805-இல் ஆங்கிலேயரால் கொல்லப்பட்டவர். இதற்கு வாடகையே தேவையில்லை: ஒரு வேட்டி, தலையில் சுற்ற ஒரு தோர்த்துத் துண்டு, மூங்கில் வில். ஜார்க்கண்டின் பிர்சா முண்டாவும் (1875–1900) ஆகும். பேச நாலு வரி எழுதிக் கொடுத்தால் கத்த வேண்டிய அவசியமும் இராது.

கொலுக் கடைகளில் கிடைக்கும் ‘குறவன் குறத்தி’ மண்பொம்மையும் காகிதக்கூழ்ப் பொம்மையும் அழகில் குறைவில்லை. கூடை முடையும் குறத்திக்கு வேலை இருக்கிறது, இடுப்பில் பிள்ளை இருக்கிறது. மூன்றாவது கேள்வியில் பிளாஸ்டிக் பையைத் தோற்கடித்துவிடுவாள். தகராறு பெயரில்தான். அதே அச்சுக்கு ஊசிமணி, பாசிமணி மாலை போட்டு ‘நரிக்குறவர்’ என்றும் விற்கிறார்கள். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. நரிக்குறவர் வீட்டில் பேசும் வாக்ரிபோலி, வடமொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. கடைக்காரரிடம் எது என்று கேளுங்கள், சொல்லத் தெரியாவிட்டால் கொலுப்படியில் ‘கூடை முடைபவர்’ என்று தொழிலை எழுதி வையுங்கள். கன்னியாகுமரி சிப்பிக் கடைகளில் தொங்கும் ‘ஆப்பிரிக்கா முகமூடி’ தேங்காய்ச் சிரட்டையில் செய்தது. கைவேலையாக வாங்கலாம், ஆப்பிரிக்காவாக வாங்க வேண்டாம்.

காணிக்காரர் பொம்மை ஏதும் கடையில் பார்த்ததுண்டா? கிடையாது. ஒரு வகையில் நிம்மதி, ஒரு வகையில் குறை. செய்ய நினைக்கும் கைவினைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இலை உடுத்துபவர் யாரும் மலையில் இல்லை. ஈற்றை என்ற நாணல் தட்டி வைத்த பழைய வீட்டைச் செய்தால் பக்கத்தில் ஒரு கான்கிரீட் வீட்டையும் வையுங்கள். கையில் ரப்பர் வெட்டும் கத்தி, முதுகில் நல்லமிளகுச் சாக்கு, பள்ளிப் பையோடு ஒரு பிள்ளை. ஊர்த் தலைவர் மூட்டுக்காணி, சடங்கும் வைத்தியமும் பார்ப்பவர் பிலாத்தி என்று பெயரோடு எழுதலாம். கொக்கரை என்ற இசைக்கருவியை மட்டும் விட்டுவிடுங்கள். பல் வெட்டிய இரும்புக் குழலை இரும்புக் கம்பியால் உரசி எழுப்பும் அந்த ஒலி அவர்களின் சடங்குப் பாடலான சாற்றுப்பாட்டுக்கு உரியது. அதைக் கேட்காமல் கிலுகிலுப்பை ஆக்கினால், கழுகிறகைப் பிளாஸ்டிக்கில் வார்த்தவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. கைக்குழந்தைக்கு ஆட்ட ஏதாவது வேண்டுமென்றால் பனையோலைக் கிலுகிலுப்பை இருக்கவே இருக்கிறது.

பலகை விளையாட்டுகள் வளர்ந்த பிள்ளைகளுக்கானவை. 1995-இல் வந்த கட்டான் என்ற விளையாட்டில் 19 அறுகோணத் துண்டுகளால் ஒரு தீவு அமையும். அதில் யாரும் குடியிருக்க மாட்டார்கள், வந்தவர் எல்லாம் ஊர் அமைக்கலாம். விளையாட்டாக அருமை, வரலாறாக ‘ஆளில்லா நிலம்’ என்ற பழைய பொய். போர்ட்டோ ரிக்கோ (2002) இன்னும் நேரடி. கப்பலில் பழுப்பு வட்டுகள் வந்திறங்கும், அவற்றைக் கரும்பு, அவுரி, புகையிலைத் தோட்டங்களில் வைத்தால் காசு. விதிப்புத்தகம் அவற்றைக் ‘குடியேறியவர்கள்’ என்கிறது. அந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்ததோ 1873-இல்தான். திருவிதாங்கூரில் அது 1855-ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் ஒழிந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்கு அந்தப் பழுப்பு வட்டு யாரென்று புரியும். 2022-இல் வந்த ‘போர்ட்டோ ரிக்கோ 1897’ பதிப்பு காலத்தை நகர்த்தி, வட்டுகளைத் தொழிலாளர்கள் ஆக்கியது. வாங்குவதானால் அதை வாங்குங்கள்.

ஸ்பிரிட் ஐலண்ட் (2017) பலகையையே திருப்பிப் போடுகிறது. நீங்கள் தீவின் தெய்வங்கள், வெள்ளை பிளாஸ்டிக் வந்தேறிகளை விரட்ட வேண்டும். வந்தேறிகள் துருவிப் பார்ப்பார்கள், ஊர் கட்டுவார்கள், பிறகு நிலத்தைச் சூறையாடுவார்கள். ஒரு நிலத்துக்கு மூன்று படியும் இந்த வரிசையிலேயே வருவது பிள்ளைக்குப் பாடம். குறை என்னவென்றால், தீவு மக்களான தகான் மரத்துண்டுகள் பெரும்பாலும் அடி வாங்கி மிஞ்சினால்தான் திருப்பி அடிக்கும், மற்றபடி தெய்வங்கள் நகர்த்தும் காய்கள். 13 வயதுக்குக் கீழே எடுபடாது, ஒரு ஆட்டம் இரண்டு மணி நேரம் இழுக்கும்.

கடைசியாக, சிவப்புக் கோட்டு சிப்பாய் பை. ‘பிரிட்டிஷ் சோல்ஜர்ஸ்’ என்று வருவதை வாங்கிக் குளச்சல் போர் விளையாடுவது நம் ஊர் வழக்கம். அது நடந்தது 1741 ஆகஸ்ட் 10-இல், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது டச்சுக் கம்பெனி. அகப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, 1777-இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடங்கினார். ஆங்கிலச் சிப்பாய்க்கு அங்கே வேலையில்லை. ஆனால் பையைத் தூர எறிய வேண்டாம், அதற்கேற்ற போர் இதே மாவட்டத்தில் இருக்கிறது: 1809 பிப்ரவரி, திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி காலத்தில் ஆங்கிலக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே வந்தது. ஒரு திருத்தம் மட்டும் தேவை. அந்தப் படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள், சிவப்புக் கோட்டு போட்ட தமிழரும் தெலுங்கரும். பையில் எல்லா முகமும் வெளுப்பு.

திருத்துவது எளிது. பொம்மை பாலிதீன் என்பதால் நேரே பெயிண்ட் அடித்தால் உரிந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி அச்சு எண்ணெயைப் போக்குங்கள். காய்ந்ததும் ஃபெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து ஒரு மெல்லிய பூச்சு, ஓர் இரவு காய விடுங்கள். அதன்மேல் அக்ரிலிக் பழுப்பு, முகத்துக்கும் கைக்கும் மட்டும். துப்பாக்கிக் குழலில் அடிக்காதீர்கள், அது வளையும்போது முதலில் உரிவது அங்கேதான். பத்தில் ஆறு பேருக்காவது அடியுங்கள்.