அப்பாவின் வீட்டுக்கு விலை: புரோக்கர் சொன்னதா, மதிப்பீட்டாளர் எழுதியதா?

அப்பா 2021 இல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் 9 பேர்ச்சஸ் காணி (ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி), பழைய வீடு. அதை மூன்றாகப் பிரிக்க வழியில்லை. 6 பேர்ச்சஸுக்குக் குறைந்த துண்டுக்குப் பொதுவாக அனுமதி கிடைக்காது. நான் வீட்டை எடுத்துக்கொண்டு அக்காவுக்கும் தம்பிக்கும் காசு கொடுப்பது என்று முடிவானது.

சரி, எவ்வளவு? புரோக்கர் காசு கேட்கமாட்டார், அன்றைக்கே பதில் சொல்வார். விற்பதென்றால் அது போதும். மூன்று பேரைக் கேட்டேன், மூன்று விலை. எல்லாமே கேட்டுப் பார்க்கலாம் என்கிற விலை, விற்று முடிந்த விலை இல்லை.

பிறகு காசு கொடுத்துக் கூப்பிட்ட பட்டய மதிப்பீட்டாளர், அதாவது சொத்துக்கு மதிப்புப் போட்டு அறிக்கை எழுதித் தரும் தொழில் தகுதி பெற்றவர், வாசலில் நின்றே கேட்டார்: "எந்தத் திகதிக்கு விலை வேணும்?" அதை நான் யோசித்திருக்கவே இல்லை. நாங்கள் பங்கு பேச உட்கார்ந்தது 2023 இல். இடையில் 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டிப் போனது. நீதிமன்றத்துக்கான சொத்துப் பட்டியலுக்கு எங்கள் சட்டத்தரணி கேட்டது அப்பா இறந்த நாளின் மதிப்பு. கூடப்பிறந்தவர்களுக்கு நான் கொடுக்க வேண்டியதோ இன்றைய மதிப்பில். பழைய தொகையிலேயே கணக்கை முடித்திருந்தால் கனடாவில் இருக்கும் அக்காவுக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கும். மதிப்பீட்டாளர் இரண்டு திகதிக்கும் தனித்தனியாக எழுதித் தந்தார். புரோக்கரிடம் இன்றைய விலை மட்டும்தான் இருக்கும்.

மற்றக் காணிகள் விற்றதற்குப் பதிவான உறுதிகளில் (விற்பனைப் பத்திரங்களில்) இருந்த விலையையும் அவர் அப்படியே நம்பவில்லை. முத்திரை வரிக்குப் பயந்து விலையைக் குறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. அப்புறம் டேப்பை எடுத்து ஒழுங்கையை அளந்தார். பிளானில் 20 அடி. பக்கத்து வீட்டுக் கேட் தூண் முன்னுக்கு வந்த இடத்தில் 13 அடி. அதைப் படமும் எடுத்தார்.

கட்டணம் கொஞ்சம் கனம்தான். நான் பார்த்ததும் இந்த ஒரு வீட்டை மட்டும்தான். அபார்ட்மென்ட் என்றால் புரோக்கரின் விலையே கிட்ட வரக்கூடும். ஆனால் பங்கு பிரிக்கிற வீட்டுக்கு, காரணம் எழுதிய தாள் கையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அறிக்கையை அனுப்பிய இரவே தம்பி போன் எடுத்தான். "அண்ணை, ஒழுங்கை 20 அடியெல்லோ, ஏன் விலையைக் குறைச்சிருக்கினம்?" தூண் இருக்கும் படத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, அக்காவுக்கும் அதைத் தானே விளங்கப்படுத்துவதாகச் சொன்னான்.