கோவிட் ஐசியுவில் ஒரு செவிலியத் தணிக்கை: உள்ளே போய்ப் பார்த்தவரின் மதிப்புரை

2021 மே மாதம், தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் அதிகமானோருக்குத் தொற்று உறுதியாகிக்கொண்டிருந்த நாள்களில், தென்மாவட்ட நகரம் ஒன்றின் தனியார் மருத்துவமனை என்னை அழைத்தது. தன் கோவிட் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியப் பராமரிப்பின் தரத்தை மாதந்தோறும் தணிக்கை செய்யும் ஏற்பாடு சரியாக நடக்கிறதா என்று வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. ஐசியுவிலும் பிறகு செவிலியர் கல்லூரியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஒப்புக்கொண்டேன். மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை.

முதலில் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல படிவம். கை சுத்தம், படுக்கைப்புண் தடுப்பு, வென்டிலேட்டர் பராமரிப்பு, சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செருகும் குழாய்), சிறுநீர்க் கத்தீட்டர், மருந்து கொடுத்தல், ஷிஃப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைத்தல் என்று ஐசியு செவிலியர் செய்யும் வேலை எதுவும் விடுபடவில்லை. கேள்விகளும் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியவை. ஆனால் மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என மருத்துவத் தர ஆய்வாளர் டொனபீடியன் 1966-இலேயே எழுதிவிட்டார். இந்தப் படிவமோ நடுவிலுள்ள செயல்முறையை மட்டும் கேட்கிறது. அன்றைய இரவு எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர் இருந்தார்கள் என்று கேட்க அதில் ஒரு வரிகூட இல்லை. வென்டிலேட்டரில் உள்ள ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பதே ஏற்கப்பட்ட அளவு. பெருந்தொற்றின் தொடக்கத்தில், 2020 மார்ச்சில், இங்கிலாந்தின் அரசுச் சுகாதாரச் சேவையே, மற்றச் செவிலியர், உதவியாளர் துணையோடு ஓர் ஐசியு செவிலியர் ஆறு நோயாளிகள் வரை பார்க்கலாம் என்று தளர்த்தியது. அளவு தளர்ந்தது என்பதை அங்கே வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். இங்கே நான் பார்த்த இரவில் ஒருவருக்கு நான்கு நோயாளிகள். தாளைப் படிப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை.

என்னை நிறுத்திவைத்தது டர்னிங் சார்ட். படுக்கைப்புண் வராமலிருக்க நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். அதைக் குறிக்கும் தாளில் எல்லாப் படுக்கைகளுக்கும் 10, 12, 2, 4, 6 என்று மணி தவறாமல் எழுதப்பட்டு, தணிக்கையில் முழு மதிப்பெண்ணும் கிடைத்திருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுவதற்காக, மூச்சுக்குழாயில் ட்யூப் உள்ள ஒருவரைக் குப்புறப் படுக்கவைக்க, தலைமாட்டில் ட்யூபைப் பிடித்துக்கொள்ள ஒருவர், பக்கத்துக்கு இருவர் என்று குறைந்தது ஐந்து பேர் வேண்டும். குப்புற வைத்தபின் 16 மணி நேரம் அப்படியே இருக்கவேண்டியவருக்கு, இடையிடையே தலையை மறுபக்கம் திருப்பிக் கையை மாற்றிவைப்பதற்கும் ஒருவரால் முடியாது. அந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எல்லாப் படுக்கைகளிலும் நின்றால்தான் எல்லாத் தாளிலும் ஒரே மணி வரும். சரியாகச் செய்யப்பட்ட பிரிவின் சார்ட்டில் 10.20, 12.45, 3.10 என்று கோணல்மாணலான நேரங்கள்தான் இருக்கும். இந்த நேர்த்தியே எனக்கு முதல் சந்தேகத்தைக் கொடுத்தது.

அதற்காக அந்தச் செவிலியர்களைப் பொய் எழுதுபவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொற்றுப் பகுதிக்குள் போன தாள் வெளியே வரக்கூடாது என்பதால், உள்ளே இருப்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வதை வெளியே இருப்பவர் எழுதிக்கொள்வது வழக்கம். ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமலும் கழிவறைக்குப் போகாமலும் கவச உடைக்குள் நிற்பவர் எப்போது சொல்வார்? ஷிஃப்ட் முடிவில் மொத்தமாக எழுதிவிடுவார்கள். இரவு ஷிஃப்டின் இன்சார்ஜ் சிஸ்டர் என்னிடம் மறைக்காமல் சொன்னார்: “எழுதலைன்னா காலையில மெமோ வரும் மேடம். திருப்பலைன்னா அது யாருக்கும் தெரியாது.” இந்தத் தணிக்கையைப் பற்றி நான் இங்கே எழுதியிருக்கும் எல்லாவற்றையும்விட அது கூர்மையான விமர்சனம்.

கை சுத்தத்திலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களை, கண்ணாடிக்கு வெளியே நின்று ஒருவர் எண்ணினார். இரட்டைக் கையுறை போட்ட செவிலியர் ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குப் போகும்போது கையுறையின் மேல் சானிடைசர் தடவிக்கொள்வதையும் அவர் ‘ஆம்’ என்று குறித்தார். கையுறை செவிலியரைக் காக்கும். அதை மாற்றாமல் அடுத்த படுக்கைக்குப் போனால் நோயாளியை யார் காப்பது? முதல் படுக்கையின் கிருமி நான்காம் படுக்கையின் சென்ட்ரல் லைனுக்குப் போக அந்தக் கையுறையே போதும். பயம் மிகுந்த நாள்களில் எல்லாரும் தங்களைக் காத்துக்கொள்ளும் திசையிலேயே பழகியிருந்தார்கள், தணிக்கை செய்தவர் உட்பட.

மூச்சுக்குழாய் ட்யூபைச் சுற்றிக் காற்றடைத்திருக்கும் கஃபின் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவுக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டத்திலும் எல்லாம் ‘ஆம்’. அளக்கும் கருவி ஒன்றுதான் இருந்தது, அதுவும் வெளி மேசை இழுப்பறையில்.

வென்டிலேட்டரால் வரும் நிமோனியா அந்த மாதம் பூஜ்யம் என்று வரவேற்பறைப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வென்டிலேட்டர் போட்டு 48 மணி நேரம் கடந்த பின் வருவதைத்தான் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். பிழைத்திருந்தவர்களுக்கு எக்ஸ்ரே முழுவதும் ஏற்கெனவே கோவிட் நிழல் படர்ந்திருந்ததால் புதிய நிமோனியாவைப் பிரித்தறிவது கடினம். தொற்று பரவும் என்ற அச்சத்தில் சளி மாதிரி எடுப்பதையும் குறைத்திருந்தார்கள். தேடாத இடத்தில் கிடைத்த அந்தப் பூஜ்யத்தை உடனே எடுத்துவிடச் சொன்னேன்.

பாராட்ட வேண்டியவையும் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை படிவத்தில் இல்லை. வார்டிலிருந்து புதிதாக வந்த செவிலியரைத் தனியே விடாமல் ஒவ்வொருவரையும் பழைய ஐசியு சிஸ்டர் ஒருவரோடு ஜோடி சேர்த்திருந்தார்கள். கவச உடையின் மார்பில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டதால், மயக்கம் தெளிந்த நோயாளிகள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். படுக்கைப்புண் அபாயத்தை மதிப்பிடும் பிராடன் அளவுகோலில் 6-க்கும் 23-க்கும் இடையில் எண் போடுவதை இயந்திரம்போலச் செய்தார்கள் என்றாலும் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். மயக்க மருந்தில் கிடக்கும் எல்லாருக்குமே அபாய எண்தான் வரும், அது யாரையும் பிரித்துக் காட்டாது.

பிரித்துக் காட்டியது இன்சார்ஜ் சிஸ்டரின் பழைய நோட்டு. ‘9: இடது கன்னம் சிவப்பு, 4: தாடையில் கொப்புளம், டேப் மாற்று’ என்று படுக்கை எண் போட்டு, ஒவ்வொரு ஷிஃப்டிலும் உள்ளேயிருந்து கேட்டதை எழுதி, அடுத்த ஷிஃப்டில் கன்னத்துக்கும் நெற்றிக்கும் மெத்தைப் பட்டை ஒட்டச் செய்திருந்தார். புண் எங்கே தொடங்கியது, யார் எப்போது பார்த்தார்கள், பிறகு என்ன ஆனது என்று தணிக்கைக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருந்தது.

இந்தத் தணிக்கை முறையை வேறு மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பேனா என்று கேட்டால், படிவத்தைத் தருவேன், மதிப்பெண் முறையைத் தரமாட்டேன். அறிவிக்காமல் இரவு மூன்று மணிக்குக் கவச உடையோடு உள்ளே போய் இரண்டு நோயாளிகளின் முதுகையும் கன்னத்தையும் பார்த்துவிட்டு வருவது அந்த ஆறு பக்கப் படிவத்தைவிட அதிகம் சொல்லும் என்றும், ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் அந்த ஷிஃப்டின் ஆள் கணக்கை எழுத வேண்டும் என்றும் அறிக்கையில் குறிப்பிட்டேன். நோட்டையும் தணிக்கையில் சேர்க்கக் கேட்டபோது, அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார் தரப் பிரிவு மேலாளர். ஜூலை மாதப் படிவத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ‘தோல் குறிப்பு’ என்று ஒரு கட்டம் சேர்ந்திருந்தது. அதற்கு எதிரே மதிப்பெண் எதுவும் போடவில்லை.